பழைய கார் ஸ்டியரிங்ல பட்டன் வைக்கிறதுக்கு முன்னாடி

பழைய கார் வெச்சிருக்கிறவங்க ஸ்டீரியோவ மாத்தின கையோட கேக்குற அடுத்த கேள்வி, ஸ்டியரிங்ல வால்யூம் பட்டன் போட முடியுமாங்கறது தான். முடியும். ஆனா இதப் பத்தி பேசுறவங்க எல்லாரும் பட்டனப் பத்தியே பேசுறாங்க, எது பாக்க அழகா இருக்கு, எதுல லைட் எரியும், எத ஒட்டினா விழாதுன்னு. பட்டன்ல ஒண்ணுமே இல்லைங்க. சுத்திக்கிட்டே இருக்குற ஸ்டியரிங்ல இருந்து சுத்தாத டேஷ்போர்டுக்கு சிக்னல் எந்த வழியா வரப்போகுதுன்னு முடிவு பண்ணிட்டு அப்புறமா பட்டன் வாங்குங்க. முழு வேலையும் அந்த ஒரு இடத்துல தான் இருக்கு.

அதுக்கு முன்னாடி இன்னொண்ணு சொல்லிடுறேன், பழைய கார்ல இந்த பட்டனுக்கு தேவையே இல்லாம தான் இருந்துச்சு. அந்தக் காலத்து செட்ல ஓரத்துல ஒரு திருகு இருக்கும், கை தானா அங்க போயிடும், கண்ணு ரோட்டுலயே இருக்கும், எவ்ளோ திருப்பினோம்னு விரலுக்கே தெரியும். அதக் கழட்டிட்டு பெரிய டச் ஸ்கிரீன் ஆண்ட்ராய்டு செட் மாட்டுறோம் பாருங்க, அங்க தான் வினையே ஆரம்பிக்குது. வால்யூம் ஏத்தணும்னா ஓரத்துல ஒட்டியும் ஒட்டாம இருக்குற ஒரு சின்ன குறியத் தேடிப் பாத்து தொடணும், வண்டி ஒரு குலுக்கு குலுக்கினா விரல் வேற எங்கயோ பட்டு மேப் மூடிக்கும். அமெரிக்காவோட சாலைப் பாதுகாப்பு அமைப்பு என்ஹெச்டிஎஸ்ஏ 2013ல கார் கம்பெனிகளுக்கு ஒரு வழிகாட்டுதல் குடுத்தாங்க, வண்டியில வர்ற திரை, பட்டன் எதுவா இருந்தாலும் டிரைவர் ஒரு தடவைக்கு 2 விநாடிக்கு மேல ரோட்டுல இருந்து கண்ண எடுக்குற மாதிரி இருக்கக் கூடாது, ஒரு வேலைக்கு மொத்தமா 12 விநாடிக்கு மேல போகக் கூடாதுன்னு. 60 கிலோமீட்டர் வேகத்துல 2 விநாடின்னா வண்டி 33 மீட்டர் போயிருக்கும். அதனால டச் ஸ்கிரீன் போட்டவங்களுக்கு ஸ்டியரிங் பட்டன் ஆடம்பரம் இல்ல, திருகு இன்னும் இருக்குற செட் வெச்சிருக்கிறவங்க நிம்மதியா அப்படியே விட்ரலாம், இது என் அபிப்ராயம்.

சரி, பட்டன் எப்படி வேலை செய்யுது? பாதி பேர் நினைக்கிற மாதிரி ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு ஒயர் கிடையாது. ஏழெட்டு பட்டனுக்கும் சேத்து ரெண்டே ஒயர் தான் இருக்கும், ஒண்ணு சிக்னல், ஒண்ணு எர்த். ஒவ்வொரு பட்டனுக்குப் பின்னாடியும் வேற வேற மதிப்புள்ள ஒரு ரெசிஸ்டர் இருக்கும், அதாவது கரண்ட்ட மட்டுப்படுத்துற ஒரு குட்டி பாகம், அதோட மதிப்ப ஓம்ல சொல்வாங்க. ஸ்டீரியோ உள்ள இருந்து ஒரு ரெசிஸ்டர் வழியா 5 வோல்ட்டோ 3.3 வோல்ட்டோ அந்த சிக்னல் ஒயர்ல குடுத்துட்டு, ஒயர்ல இப்ப எவ்ளோ வோல்ட் இருக்குன்னு பாத்துக்கிட்டே இருக்கும். நீங்க ஒரு பட்டன அமுக்கினா அதோட ரெசிஸ்டர் வழியா கரண்ட் எர்த்துக்கு இறங்கும், வோல்ட் குறையும், எவ்ளோ குறைஞ்சதுங்கறத வெச்சு எந்த பட்டன்னு கண்டுபிடிக்கும், அவ்ளோ தான்.

கணக்கா பாத்தா இன்னும் நல்லா புரியும். செட்டுக்குள்ள 1 கிலோ ஓம், 5 வோல்ட்னு வெச்சுக்கோங்க. 220 ஓம் பட்டன அமுக்கினா ஒயர்ல 0.9 வோல்ட், 470 ஓம்னா 1.6, 1 கிலோ ஓம்னா சரியா பாதி 2.5, 2.2 கிலோ ஓம்னா 3.44, 4.7 கிலோ ஓம்னா 4.12. ஒண்ணுக்கொண்ணு நல்ல இடைவெளி இருக்கு பாத்தீங்களா, அதனால கொஞ்சம் முன்ன பின்ன ஆனாலும் குழம்பாது. அதுவே ரெசிஸ்டர ஏனோதானோன்னு பக்கத்து பக்கத்து மதிப்புல எடுத்தீங்கன்னா, இல்ல பத்து பதினஞ்சு வருஷத்துல பட்டனுக்கு அடியில இருக்குற கார்பன் பேட் தேஞ்சு அதுவே கூடுதலா நூறு எரநூறு ஓம் சேத்துக்கிச்சுன்னா, வால்யூம அமுக்கினா பாட்டு மாறும். பழைய வண்டியில கம்பெனி பட்டனே இப்படி பைத்தியம் பிடிச்ச மாதிரி நடந்துக்கிட்டா உடனே செட்ட குறை சொல்லாதீங்க, பட்டனப் பிரிச்சு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வெச்சு அந்த பேடத் தொடச்சுப் பாருங்க, பல சமயம் அதுலயே சரியாயிடும்.

இதுல இன்னொரு விஷயம், எந்த பட்டனுக்கு எந்த ரெசிஸ்டர்னு நீங்களே முடிவு பண்ற நிலைமை வந்தா, ரொம்ப குறைஞ்ச மதிப்ப மியூட்டுக்கு குடுங்க. என்னைக்காவது ஒயர் நசுங்கி பாடியில பட்டுச்சுன்னா செட்டுக்கு அது கிட்டத்தட்ட பூஜ்ஜியம் ஓம் மாதிரி தெரியும், பக்கத்துல இருக்குற குறைஞ்ச மதிப்பு பட்டனத் தான் யாரோ அமுக்கிட்டு இருக்காங்கன்னு நினைச்சுக்கும். அது வால்யூம் ஏத்துற பட்டனா இருந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க, மியூட்டா இருந்தா சத்தம் நிக்கும், அவ்ளோ தான்.

இனிமே தான் மெயின் மேட்டர், ஸ்டியரிங் சுத்துது. ஏர்பேக் இருக்குற வண்டியில ஸ்டியரிங்குக்கு அடியில கிளாக் ஸ்பிரிங்னு ஒண்ணு இருக்கும், சிலர் ஸ்பைரல் கேபிள்னும் சொல்வாங்க. வட்டமான பிளாஸ்டிக் டப்பாக்குள்ள தட்டையான ரிப்பன் கேபிள் ஒண்ணு, அளவு டேப் மாதிரி சுருண்டு இருக்கும், ஸ்டியரிங்க ஒரு பக்கம் திருப்பினா இறுகும், மறுபக்கம் திருப்பினா தளரும். ஏர்பேக்குக்கு போற லைன், ஹாரன், பட்டன் எல்லாம் இது வழியா தான் போகுது. ஏர்பேக் இல்லாத பழைய வண்டியில இது இருக்காது, அதுக்கு பதிலா ஒரு பித்தளை வளையமும் அது மேல உரசிக்கிட்டே இருக்குற ஒரு ஸ்பிரிங் முனையும் இருக்கும், ஹாரனுக்கு அந்த ஒரே ஒரு லைன் போதும், எர்த் ஸ்டியரிங் ராடு வழியாவே வந்துடும்.

இந்த சுத்துற பிரச்சனையோட மல்லுக்கட்டினவங்க நாம மட்டும் இல்ல. ஃபோர்டு கம்பெனி 1958 மாடலா எட்சல்னு ஒரு கார் விட்டாங்க, அதுல ஆட்டோமேட்டிக் கியரோட பட்டன ஸ்டியரிங்குக்கு நட்ட நடுவுல வெச்சாங்க, டெலிடச்னு பேரு. ஸ்டியரிங் சுத்தும், நடுவுல இருக்குற பட்டன் பகுதி மட்டும் சுத்தாம அப்படியே நிக்கும். நடுவுல இருக்குறது ஹாரன் தான்னு பழகின கை என்ன பண்ணும், அங்க போய் அமுக்கும். அடுத்த வருஷ மாடல்லயே அதத் தூக்கிட்டாங்க. அப்புறம் 2004ல சிட்ரோயன் சி4 வந்தப்ப மறுபடியும் நடு பாகம் சுத்தாத ஸ்டியரிங் வந்துச்சு, பட்டனெல்லாம் எப்பவும் அதே இடத்துல நேரா இருக்கும், ஏர்பேக்கும் சுத்தாது. எனக்கு அந்த ஐடியா ரொம்ப பிடிக்கும், ஆனா பழைய கார்ல அத நாம செய்ய முடியாது, விடுங்க.

உங்க வண்டி என்ன வகைன்னு பாத்துட்டு தான் வழி எடுக்கணும். ஏர்பேக் இருக்குற பேஸ் மாடல், அதே காரோட டாப் மாடல்ல கம்பெனி பட்டன் வருதுன்னா நீங்க அதிர்ஷ்டசாலி. டாப் மாடல் பட்டன் செட் அப்படியே உங்க ஸ்டியரிங்ல உக்காரும், பல வண்டிகள்ல அந்த இடம் வெறும் பிளாஸ்டிக் மூடி போட்டு காலியா தான் இருக்கும். ஆனா மூடியக் கழட்டி பட்டன மாட்டிட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க, உங்க கிளாக் ஸ்பிரிங்ல பட்டனுக்கான லைன் இருக்கான்னு பாக்கணும். சில பேஸ் மாடல்ல கப்ளர்ல, அதாவது ஒயர் சொருகுற கனெக்டர்ல, எல்லா பின்னும் இருக்கும், பட்டன் மட்டும் தான் குடுக்காம விட்டிருப்பாங்க. சிலதுல ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் மட்டும் பின் இருக்கும், மத்த இடம் ஓட்டையா இருக்கும், அப்ப டாப் மாடல் கிளாக் ஸ்பிரிங்கே வாங்கி மாத்தணும். அதுக்கு அந்தப் பக்கம், ஸ்டியரிங் காலம்ல (ஸ்டியரிங் ராடு போற தண்டு பகுதி) இருந்து செட்டு வரைக்கும் ஒயர் இருக்கான்னும் பாக்கணும், இல்லேன்னா ரெண்டு ஒயர் நீங்களே இழுத்துக்கலாம், அது பெரிய வேலை இல்ல.

பெரிய வேலை ஏர்பேக்கக் கழட்டுறது தான், இங்க கொஞ்சம் நிதானமா படிங்க. பேட்டரி நெகட்டிவ் முதல்ல கழட்டணும். கழட்டின உடனே தொடக் கூடாது, பேட்டரி போனாலும் ஏர்பேக் வெடிக்கணும்னு யூனிட் உள்ள கெப்பாசிட்டர்ல கரண்ட சேத்து வெச்சிருக்கும், அது இறங்கணும். ஒரு கம்பெனி 90 விநாடின்னு சொல்லும், இன்னொண்ணு சில நிமிஷம்னு சொல்லும், உங்க வண்டி மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதுக்கு மேலயே காத்திருங்க, அவசரமே இல்ல. ஏர்பேக் லைனோட மஞ்ச கலர் கப்ளர் எதுலயும் மல்டிமீட்டர் வெச்சு ஓம் பாக்காதீங்க, மீட்டர் அனுப்புற அந்த சின்ன கரண்ட்டுக்கே ரிஸ்க் எடுக்கக் கூடாதுன்னு தான் எல்லா மேனுவலும் சொல்லுது. கழட்டின ஏர்பேக்க அலங்கார மூடி மேல பாக்குற மாதிரி வைங்க, கவுத்து வெச்சா வெடிச்சா அதுவே ராக்கெட்டா கிளம்பும். பேட்டரியத் திருப்பி மாட்டுறப்ப யாரும் ஸ்டியரிங் முன்னாடி உக்காராம இருக்கறது நல்லது.

ஸ்டியரிங்க உருவுறதுக்கு முன்னாடி டயர நேரா வெச்சு, ஸ்டியரிங்கும் ராடும் சேர்ற இடத்துல மார்க்கர்ல ஒரு கோடு போட்டுக்கோங்க, இல்லேன்னா ஒரு பல் தள்ளி மாட்டிட்டு நேரா போறப்ப ஸ்டியரிங் கோணலா இருக்கும். நட்ட முழுசா கழட்டாம ரெண்டு மூணு சுத்து விட்டு வெச்சுட்டு இழுங்க, இறுகிப் போன ஸ்டியரிங் சடக்குன்னு வர்றப்ப மூஞ்சியில வந்து அடிக்காம அந்த நட் பிடிச்சுக்கும். புது கிளாக் ஸ்பிரிங் நடுவுல லாக் ஆகி வரும், அத மாட்டுற வரைக்கும் அந்த லாக்க எடுக்காதீங்க. பழசையே திருப்பி மாட்டுறீங்கன்னா மெதுவா ஒரு பக்கம் முட்டுற வரைக்கும் சுத்திட்டு, அங்க இருந்து மறுபக்கம் முட்டுற வரைக்கும் மொத்தம் எத்தன சுத்துன்னு எண்ணி, பாதி திரும்பி வந்து அம்புக்குறி சேர்ற இடத்துல நிறுத்துங்க. நடுவுல இல்லாம மாட்டினா என்னைக்காவது ஒரு நாள் முழுசா ஒடிச்சுத் திருப்புறப்ப ரிப்பன் அறுந்துடும், ஏர்பேக் லைட் எரியும், ஹாரனும் போயிடும். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இருக்குற வண்டியில ஸ்டியரிங் ஆங்கிள் சென்சார் இதோடயே ஒட்டி இருந்தா அத ஸ்கேனர் வெச்சு மறுபடி கேலிபிரேட் பண்ண வேண்டி வரலாம். இதெல்லாம் படிச்சதுமே கை நடுங்குதுன்னா நல்ல எலக்ட்ரீசியன் கிட்ட குடுத்துடுங்க, வெக்கப்பட ஒண்ணுமில்ல.

ஏர்பேக்கே இல்லாத பழைய வண்டின்னா வெடிக்கிற பயம் இல்ல, ஆனா லைன் ஒண்ணே ஒண்ணு தான், அதையும் ஹாரன் எடுத்துக்கிச்சு. அந்த ஒத்த லைன்லயே ரெண்டு வேலையும் பாக்க முடியாதான்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை. கணக்குப்படி முடியும். ஹாரனுக்கு கரண்ட்ட திறந்து விடுற சுவிட்ச் தான் ரிலே, அதோட காயில் சுமார் 85 ஓம்னு வெச்சுக்கோங்க, ஹாரன் பட்டன் அந்த காயிலோட மறுமுனைய நேரா எர்த் பண்ணும், ரிலே இழுக்கும். அதே லைன்ல 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்ட ஒரு சின்ன பட்டன் வெச்சா 11 மில்லி ஆம்பியர் தான் ஓடும், அதுக்கு ரிலே அசையாது, ஆனா லைன்ல 0.9 வோல்ட் இறங்கும், ஆர்டுயினோங்கற குட்டி கம்ப்யூட்டர் போர்டு அதப் பாத்து இது வால்யூம்னு புரிஞ்சுக்கும். பேட்டரி 12ல இருந்து 14.4 வரைக்கும் ஏறி இறங்குறதால நேரா வோல்ட்ட பாக்காம பேட்டரியோட ஒப்பிட்டுப் பாக்கணும், வளையத்துல உரசுற இடத்துல வர்ற இரைச்சல வடிகட்டணும், இப்படி நிறைய இருக்கு. பேப்பர்ல போட்டுப் பாக்க ஜாலியா இருக்கும். ஆனா வண்டியில செய்ய மாட்டேன், பாட்டு மாத்துறதுக்காக ஹாரன் லைன்ல கை வெக்கிறது சரியா படல, ஹாரன் வேணும்ங்கற அந்த ஒரு நொடியில அது அடிக்கணும்.

அடுத்து எல்லாரும் போற வழி, ஒயர்லெஸ் கிட். ஸ்டியரிங்ல பட்டை போட்டுக் கட்டுற ஒரு டிரான்ஸ்மிட்டர், உள்ள சிஆர்2032 பேட்டரி, டேஷ்போர்டுக்குள்ள ஒரு ரிசீவர், அதுல இருந்து செட்டோட கீ ஒயருக்கு (ஸ்டியரிங் பட்டனுக்குன்னே செட்டுக்குப் பின்னாடி வர்ற ஒயர்) கனெக்ஷன். எதையும் பிரிக்க வேண்டாம், கொஞ்ச நேரத்துல மாட்டிடலாம். நான் இத குறை சொல்ற மாதிரி இருக்கும், சொல்லத் தான் போறேன். வெயில்ல நிறுத்தின வண்டிக்குள்ள ஸ்டியரிங் எவ்ளோ கொதிக்கும்னு தொட்டவங்களுக்குத் தெரியும், அந்த காயின் பேட்டரி பொதுவா 60 டிகிரி வரைக்கும் தான் தாங்கும்னு போட்டிருப்பாங்க. வளைவுல கை ஸ்டியரிங் மேல வழுக்கிப் போற இடத்துல இது துருத்திக்கிட்டு இருக்கும், கையில தட்டும், இல்ல சட்டைக் கை மாட்டும். எல்லாத்துக்கும் மேல, ஏர்பேக் மூடி மேலயோ அது கிழியிற கோட்டு மேலயோ எதையும் ஒட்டக் கூடாது. ஏர்பேக் விரியிறதுக்கு முப்பது மில்லி விநாடி அளவு தான் ஆகும், அந்த வேகத்துல முன்னாடி இருக்குற பிளாஸ்டிக் துண்டு எங்க வரும்? உங்க மூஞ்சிக்கு தான். வெச்சே ஆகணும்னா வளையத்தோட குறுக்குக் கம்பியில, மூடிய விட்டு விலக்கி வைங்க, ரிசீவருக்கு கரண்ட்ட எப்பவும் வர்ற லைன்ல குடுக்காம சாவி திருப்பினா மட்டும் கரண்ட் வர்ற ஏசிசி லைன்ல குடுங்க, இல்லேன்னா வண்டி நிக்கிற நாளெல்லாம் கார் பேட்டரியக் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சிக்கிட்டு இருக்கும்.

இத்தனையும் சொல்லிட்டு எனக்குப் பிடிச்ச வழி எதுன்னு சொல்லலேன்னா எப்படி. பட்டன ஸ்டியரிங்லயே வைக்காதீங்க. ரெனோ கார்கள்ல பாத்திருப்பீங்க, ஸ்டியரிங்குக்குப் பின்னாடி வலது பக்கம், வைப்பர் லீவருக்குக் கீழ குட்டியா ஒரு ரிமோட் இருக்கும், வால்யூம், பாட்டு மாத்துறது எல்லாம் அதுலயே. அது காலம் கவர்ல நிக்குது, சுத்தாது. சுத்தாததுனால கிளாக் ஸ்பிரிங் வேண்டாம், ஏர்பேக்கத் தொட வேண்டாம், பேட்டரி வேண்டாம், ஸ்டியரிங் எந்த கோணத்துல இருந்தாலும் பட்டன் அதே இடத்துல இருக்கும். ஸ்டியரிங் மேல இருக்குற பட்டனுக்கு இந்த வசதி கிடையாது, பாதி திருப்பினதும் வால்யூம் தலைகீழா எங்கயோ போயிடும்.

என் பழைய கார்ல இருக்குறது இது தான், ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டி, அஞ்சு பட்டன், அஞ்சு ரெசிஸ்டர், ரெண்டு ஒயர். எனக்குத் தெரிஞ்ச ஒரு எலக்ட்ரீசியன் அண்ணன் கிட்ட காட்டினப்ப திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "ஏங்க, இதுக்கு ஃபியூஸ் எங்க?"ன்னார். "ஃபியூஸ் எதுக்குண்ணே, இதுல அதிகபட்சம் ஓடுறதே 5 மில்லி ஆம்பியர், செட்டே குடுக்குறது தானே"ன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்ப ஒயரு மெல்லிசாவே போதும்"னார், அவ்ளோ தான் பேச்சு. பெட்டிய வெக்கிற இடம் தான் யோசிக்கணும், விரல நீட்டினா எட்டணும், இண்டிகேட்டர் லீவர அமுக்குறப்ப இது அமுங்கக் கூடாது, முழங்கால் இடிக்கக் கூடாது, சாவி போடுற இடத்த மறைக்கக் கூடாது, ஸ்டியரிங் ஏத்தி இறக்குற வசதி இருந்தா ஒயர்ல கொஞ்சம் தொய்வு விடணும். ஒவ்வொரு பட்டனும் வேற வேற உயரத்துல இருந்தா இன்னும் நல்லது, பாக்காமலே விரலுக்குத் தெரியணும்ல, அதுக்கு தானே இவ்ளோ பாடு.

செட் பக்கம் கதை சின்னது தான். ஆண்ட்ராய்டு செட்ல பின்னாடி கீ ஒன், கீ டூன்னு ரெண்டு ஒயர் வரும், ஒண்ணு போதும், செட்டிங்ஸ்ல ஸ்டியரிங் லேர்னிங்னு இருக்குறதுக்குள்ள போய் ஒவ்வொரு பட்டனா அமுக்கி இது வால்யூம், இது போன் கால்னு சொல்லிக் குடுத்தா முடிஞ்சது. பயனியர், சோனி மாதிரி செட்டுகள்ல 3.5 மில்லிமீட்டர் ஜாக் குடுத்திருப்பாங்க, ஆனா உங்க இஷ்டத்துக்கு ரெசிஸ்டர் போட்டா அது புரிஞ்சுக்காது, அதுக்குன்னு வேற கணக்கு இருக்கு. பேக், ஆக்ஸெஸ் மாதிரி கம்பெனிங்க விக்கிற அடாப்டர நடுவுல போட்டா அதுவே மொழி மாத்திக் குடுத்துடும். கேன் பஸ், லின் பஸ்னு டிஜிட்டலா பேசுற கொஞ்சம் புது வண்டிகளுக்கும் அந்த மாதிரி டப்பா தான் வழி, அங்க மல்டிமீட்டர வெச்சு ஓம் தேடினா கிடைக்காது. ஒயரே இல்லாத கம்பெனி செட் வெச்சிருந்தா, முன் பேனல் பட்டன்கள்ல இருந்து ஒயர் இழுக்கிறவங்க இருக்காங்க, பாட்டு மாத்துறதுக்கு அது ஓகே, ஆனா வால்யூம் சுத்துற திருகா இருந்தா அது உள்ள ரோட்டரி என்கோடர், சுத்தச் சுத்த ஒண்ணுக்கொண்ணு கொஞ்சம் தள்ளித் தள்ளி ரெண்டு பல்ஸ் அனுப்பும், சும்மா ஒரு பட்டன வெச்சு அந்த மாதிரி அனுப்ப முடியாது, ஆர்டுயினோ மாதிரி ஒரு மைக்ரோகன்ட்ரோலர் வேணும்.

எர்த்த மட்டும் எங்கயாவது பாடியில ஸ்குரூ போட்டு எடுக்காதீங்க, செட்டோட எர்த் ஒயர்லயே சேருங்க. ஏசி, ஹெட்லைட் எல்லாம் போட்டு கரண்ட் ஓடுறப்ப பாடியில ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் நடுவுல சின்ன வோல்ட் வித்தியாசம் வரும், வண்டி நிக்கிறப்ப சரியா வேலை செஞ்ச பட்டன் ராத்திரி லைட் போட்டதும் மாறி மாறி வேலை செய்யுதுன்னா காரணம் அது தான். அதே மாதிரி பட்டனுக்குள்ள லைட் வேணும்னா அதுக்கு கரண்ட்ட டேஷ்போர்டு இல்லுமினேஷன் லைன்ல இருந்து தனியா எடுங்க, சிக்னல் ஒயரோட கலக்காதீங்க. ஸ்டியரிங் வழியா, கிளாக் ஸ்பிரிங் வழியா போனவங்க லேர்னிங் முடிச்சதும் வண்டிய நிறுத்தியே வெச்சு ஒவ்வொரு பட்டனையும் பிடிச்சுக்கிட்டு ஸ்டியரிங்க இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் ஒரு தடவ திருப்பிப் பாருங்க, நடுவுல எங்கயாவது வேற பட்டனா மாறுச்சுன்னா கப்ளர்ல ஒரு பின் சரியா உக்காரல, மூடி மாட்டுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கறது நல்லது.